பழைய பெர்கின்ஸ் 4.236 போட் எஞ்சின்: சூடாகுது, கூலன்ட் குறையுது, ஒழுக்கு எங்கயெண்டு தெரியல்ல

முகத்துவாரம் சுறா:

எல்லாருக்கும் வணக்கம். கொழும்பு முகத்துவாரத்தில, களனி கங்கை வாயில கட்டியிருக்கிற 32 அடி பைபர் போட். எஞ்சின் பெர்கின்ஸ் 4.236, நாலு சிலிண்டர். கடலுக்கெண்டே வந்த மொடல்தான், டிராக்டர் எஞ்சினை மாத்திப் போட்டது இல்ல. கடல்தண்ணிப் பம்ப், ஹீற் எக்ஸ்சேஞ்சர் (கடல்தண்ணியால கூலன்ட்டை ஆத்துறது), தண்ணி சுத்துற எக்ஸோஸ்ட் மனிபோல்ட் (எஞ்சின் புகை சேர்ந்து வெளியேறுற குழாய்) எல்லாம் இருக்கு.

1200 ஆர்.பி.எம்ல எவ்வளவு நேரம் ஓடினாலும் சூட்டு மீற்றர் 80 பாகையில நிக்குது. 2000க்கு ஏத்தினா கால் மணித்தியாலத்துக்குள்ள 95ஐத் தாண்டுது. திரும்பக் குறைச்சா மெல்ல இறங்கும். அதோட ஒரு மணித்தியாலம் இழுத்து ஓட்டினா கூலன்ட் டேங்கில முக்கால் லீற்றர் அளவு தண்ணி குறையுது. போட்டுக்குள்ள அடியில பாத்தா ஒரு சொட்டு இல்ல. எஞ்சின் ஒயில் சுத்தமா இருக்கு. சைலன்சர் பைப்பால தண்ணி வருது, ஆனா முந்தி மாதிரி வீச்சு இல்ல.

தேர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேத்த மாதிரி கூலன்ட் வழியைத் திறந்து மூடுறது) எஞ்சின் திருத்துற பாஸ் ஒருத்தர் கழட்டிட்டார், அதுக்குப் பிறகும் மாற்றமில்ல. இப்ப உள்ளுக்கு இருக்கிறது வெறும் குழாய்த்தண்ணி. அவர் சொல்றார் ஹெட் கஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் நடுவில உள்ள அடைப்பு) போயிட்டுது, ஹெட்டை இறக்கணும் எண்டு. இறக்கத்தான் வேணுமா? அதுக்கு முதல் பாக்க வேண்டியது என்ன?


டீசல்காரன்:

ஹெட்டைத் தொடாதேங்கோ. அது கடைசி வேலை.

நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை கிடக்கு. குறைந்த ஓட்டத்தில 80ல நிற்குது, பாரம் ஏறினால் சூடு ஏறுது, குறைத்தால் இறங்குது. எஞ்சின் உண்டாக்கிற சூட்டைக் கடல்தண்ணி அள்ளிக்கொண்டு போகேலாமல் திணறுது எண்டதுதான் இதின் அர்த்தம். ஹெட் கஸ்கட் நல்லாப் போயிருந்தால் பச்சைத் தண்ணியில (எஞ்சின் ஆறிக் கிடக்கேக்க) ஸ்ராட் பண்ணின உடனேயே டேங்கில குமிழி வரும், ஹோஸ் ஒரு நிமிசத்துக்குள்ள கல்லாக இறுகும். அப்படி ஒண்டும் நீங்கள் எழுதேல்லை.

மற்றது, தண்ணி குறையுது, ஆனால் அடியில ஈரமில்லை. அப்ப அது போற வழி மூண்டுதான்: ஹீற் எக்ஸ்சேஞ்சருக்குள்ள கடல்தண்ணி ஓடுற குழாய்க்கட்டு, எக்ஸோஸ்ட் மனிபோல்டின்ர உள்வெடிப்பு, சிலிண்டர். மூண்டும் கடைசியில சைலன்சர் பைப்பாலதான் கடலுக்குப் போகும், அதாலதான் உங்கட கண்ணுக்குப் படேல்லை. இது ட்ரை லைனர் எஞ்சின் (சிலிண்டர் உறையில கூலன்ட் நேராப் படாது), ஆகையால் லைனர் ஓரிங் வழியாத் தண்ணி ஒயிலுக்குள்ள இறங்கிற கதை இதுக்கு இல்லை.

முதலில கடல்தண்ணிப் பக்கம். எஞ்சினை நிப்பாட்டி, அடிவால்வை (போட்டின்ர அடியால கடல்தண்ணி உள்ளுக்கு வாற வால்வை) பூட்டி, கடல்தண்ணிப் பம்பின்ர முன்மூடியைக் கழட்டுங்கோ. இம்பெல்லரை (உள்ளுக்குச் சுத்துற றப்பர் இதழ்ச் சக்கரத்தை) ஸ்குரூ டிரைவரால கெம்பி எடுக்க வேண்டாம், பம்ப் முகத்தில கீறல் விழுந்தால் பிறகு அது காத்து இழுக்கும். குறட்டால நடுவில பிடிச்சு நேரா இழுங்கோ. ஒவ்வொரு இதழையும் மடிச்சுப் பார்த்து, அடியில வெடிப்பு இருந்தால் புதுசு போடுங்கோ. இதழ் ஒண்டாவது இல்லையெண்டால், இல்லாத துண்டு எல்லாத்தையும் தேடி எடுத்தே தீரவேணும். அது தண்ணியோட போய் அடுத்த கூலரின்ர வாயில நிற்கும். சில போட்டில முதலில கியர்பொக்ஸ் ஒயில் கூலர், பிறகுதான் எக்ஸ்சேஞ்சர். தண்ணி போற ஒழுங்கில ஹோஸைக் கழட்டிக் கழட்டிப் பாருங்கோ. துண்டு வரேல்லையெண்டால் மற்றப் பக்கத்தால தோட்ட ஹோஸைப் பிடிச்சுப் பின்பக்கமாத் தள்ளுங்கோ.

மூடித் தகட்டின்ர உள்முகத்தை நகத்தால தடவுங்கோ. வட்டமாப் பள்ளம் தட்டுப்பட்டால் புது இம்பெல்லரும் உறிஞ்சாது. தகட்டின்ர மற்ற முகம் சமமா இருந்தால் திருப்பிப் போடலாம். மூடிக்கு மெல்லிய பேப்பர் கஸ்கட் மட்டும். தடிச்ச மட்டையில வெட்டிப் போட்டால் இம்பெல்லருக்கும் தகட்டுக்கும் நடுவில இடைவெளி கூடி உறிஞ்சல் குறையும். இதைக் கனபேர் கவனிக்கிறேல்லை. இம்பெல்லரைப் பாத்திரம் கழுவிற சோப் திரவம், இல்லாட்டில் கிளிசரின் பூசி இறக்குங்கோ. கிறீஸ் றப்பரைத் தின்னும். இதழெல்லாம் சுத்துற திசைக்குப் பின்னால சாய்ஞ்சிருக்க வேணும்.

பிறகு ஸ்ட்ரெயினர் (கடல்தண்ணி வடிகட்டி). மூடியின்ர றப்பர் காய்ஞ்சிருந்தால் தண்ணிக்குப் பதிலாக் காத்து வரும், மூடி கண்ணாடியெண்டால் குமிழி தெரியும். அடிவால்வுக்கும் பம்புக்கும் நடுவில உள்ள ஹோஸைப் பாரம் ஏத்தி ஓடேக்க கையால பிடிச்சுப் பாருங்கோ. பழைய ஹோஸ் உறிஞ்சலில உள்ளுக்கு ஒட்டும், நிப்பாட்டினால் திரும்ப உருண்டுவிடும். கழட்டிக் கையில வைச்சுப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

களனி கங்கை வாயில கட்டியிருக்கிற போட்டுக்கு மே மாதத்தில இருந்து செப்டெம்பர் வரைக்கும் அடிவால்வையே முதலில சந்தேகப்படுங்கோ. மழைக்கு ஆறு கொண்டுவாற சேறு, சொப்பின் பை, ஆகாயத்தாமரை வேர் எல்லாம் அதுக்குள்ளதான் வந்து நிற்கும். உள்பக்கத்து ஹோஸைக் கழட்டி வால்வை ஒரு செக்கன் திறந்தால் தண்ணி தடையில்லாமல் பீறிட வேணும். சும்மா வழிஞ்சால் வெளியில கொட்டலசு (ஒட்டி வளருற சிப்பி) அடைச்சிருக்கு.


மட்டக்குளி பாஸ்:

மேல அண்ணன் சொன்னதோட ரெண்டு விசயம்.

தேர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்க. நம்ம ஊர் சூட்டுக்கு அது தேவையில்லன்னு கழட்டுறது ஒரு பழக்கமாப் போச்சு. பைபாஸ் வழி உள்ள எஞ்சின்ல அதைக் கழட்டினா சுடுதண்ணியில ஒரு பங்கு எக்ஸ்சேஞ்சர் பக்கமே போகாம பைபாஸால சுத்தித் திரும்ப எஞ்சினுக்குள்ளயே வந்துடும். பாரம் ஏத்தினா சூடு கூடத்தான் செய்யும். பழசை வீசலன்னா ஒரு சட்டியில தண்ணி வச்சு, தேர்மோமீற்றரோட கம்பியில கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்கிப் பாருங்க. அதுல அடிச்சிருக்கிற எண் 82ன்னா அந்தச் சூட்டுக்குக் கிட்ட திறக்கத் தொடங்கணும், தண்ணி கொதிக்கிறதுக்குள்ள முழுசாத் திறந்திருக்கணும். சட்டியின் அடியில தட்டுப்படாமப் பாத்துக்குங்க, இல்லன்னா சரியாக் காட்டாது.

மற்றது டேங்க் மூடி. அதுல உள்ள ஸ்பிரிங்கும் றப்பரும் செத்திருந்தா அமுக்கம் நிக்காது, மீற்றர் 100ஐத் தொட முதலே ஆவியா வெளியேறிடும். வழிஞ்சு போற சின்ன குழாய் எங்க முடியுதுன்னு பாருங்க. நேரா எஞ்சினுக்கு மேல முடிஞ்சா விழுற தண்ணி அந்தச் சூட்டுலயே காய்ஞ்சிடும், அடியில ஒண்ணும் தெரியாது. குழாயை ஒரு சோடாப் போத்தலுக்குள்ள விட்டுட்டு ஓட்டுங்க. போத்தல் நிறைஞ்சா மூடியில பிழை, இல்லன்னா டேங்கைக் கழுத்து வரைக்கும் நிரப்பிட்டீங்க. சூடானா தண்ணி விரியும், அதுக்கு மேல ஒரு அங்குலம் இடம் வேணும். போத்தல் காலியா இருந்து தண்ணி குறைஞ்சா டீசல்காரன் சொன்ன மூணு வழியில ஒண்ணு.

மூடி வாங்கும்போது எண்ணைப் பாத்து வாங்குங்க. பஞ்சிகாவத்தை வாகனப் பாகக் கடைகள்ல கேட்டா 13 றாத்தல் (psi) அமுக்கத்துக்கான கார் மூடியைத் தூக்கித் தருவாங்க. அந்தக் காலத்து எஞ்சின் பலதுக்கு 7 றாத்தல் மாதிரிதான் வரும். உங்க பழைய மூடியில அடிச்சிருக்கிறது என்னவோ அதையே வாங்குங்க. கூட்டிப் போட்டா பலவீனமான இடம் எல்லாம் வெடிக்கும்.

சூடா இருக்கும்போது மூடியத் திறக்காதீங்க. சொல்லத் தேவையில்ல, ஆனாலும் சொல்றேன்.


உப்புக்காத்து:

அமுக்கம் வைச்சுச் சோதிக்கிறதைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. ஒழுக்கைக் கண்டுபிடிக்க அதுதான் நேர்வழி. கார் கராஜில றேடியேட்டர் சோதிக்கிற கைப்பம்ப் இருக்கும், இரவல் வாங்குங்கோ. எஞ்சின் ஆறியிருக்க வேணும். அடிவால்வைப் பூட்டி, கடல்தண்ணி எக்ஸ்சேஞ்சருக்குள்ள போற ஹோஸையும் வெளியில வாற ஹோஸையும் கழட்டி வடிய விடுங்கோ. டேங்க் மூடிக்குப் பதிலாப் பம்பைப் பூட்டி, மூடியில உள்ள எண்ணுக்கு, அதாவது 7 றாத்தல் எண்டால் 7க்கு, அடிச்சு 15 நிமிசம் விடுங்கோ.

முள் இறங்கினால் டோர்ச்சோட பாருங்கோ. கழட்டின கடல்தண்ணி வாயால சொட்டினால் குழாய்க்கட்டு. அங்க காய்ஞ்சிருந்து, எக்ஸோஸ்ட் எல்போவை (புகையோட கடல்தண்ணி கலக்கிற வளைவுக் குழாயை) கழட்டினால் மனிபோல்ட் பக்கம் ஈரமாயிருந்தால் மனிபோல்ட். ரெண்டும் இல்லாமல் முள் இறங்கினால்தான் இன்ஜெக்டரைக் கழட்டிச் சிலிண்டருக்குள்ள பார்க்கிற வேலை. சிலிண்டருக்குள்ள தண்ணி நிற்குமெண்டு சந்தேகம் இருந்தால் ஸ்ராட்டரை அடிக்கவே வேண்டாம். தண்ணி அமுங்காது, கொன்ரொட் (பிஸ்டனைத் தாங்கிற தண்டு) வளைஞ்சு போம். இன்ஜெக்டரைக் கழட்டிவிட்டு ஸ்பானரால கையாலச் சுத்துங்கோ.

ஒரு எச்சரிக்கை. உங்கட எக்ஸ்சேஞ்சருக்கு ரெண்டு தொங்கலிலயும் (முனையிலயும்) கறுப்பு றப்பர் மூடியும், ஒவ்வொண்டிலயும் ரெண்டு கிளிப்பும் இருந்தால் சோதிக்கிறதுக்கு அந்த மூடியைக் கழட்டாதேங்கோ. அந்த வகையில றப்பர்தான் உள்சுற்றையும் (கூலன்ட் சுத்துற வழியையும்) அடைச்சுக்கொண்டிருக்கு: ஒரு கிளிப் வெளி உடம்பில, மற்றது குழாய்க்கட்டின்ர விளிம்பில. கழட்டினால் கூலன்ட் முழுக்கக் கொட்டும், சோதனையும் இல்லை. அதோட விளிம்பைப் பிடிக்கிற கிளிப் தளர்ந்தாலே கூலன்ட் கடல்தண்ணிக்குள்ள கலக்கும், குழாயில ஓட்டை இருக்கவேண்டிய அவசியமே இல்லை. முதலில ரெண்டு கிளிப்பையும் அரைச் சுத்து இறுக்கிவிட்டுத் திரும்ப அமுக்கம் வையுங்கோ. கனக்க இறுக்கினால் றப்பர் வெட்டுப்படும்.


முகத்துவாரம் சுறா:

எல்லாருக்கும் நன்றி. பாத்ததை எழுதுறன்.

அடிவால்வு நல்லாப் பீறுது. இம்பெல்லரில ரெண்டு இதழ் இல்ல. ஒரு துண்டு கியர்பொக்ஸ் கூலர் வாயில இருந்துச்சு, மற்றது பின்பக்கமாத் தண்ணி அடிக்க எக்ஸ்சேஞ்சரில இருந்து வந்துச்சு, கூடவே நிறையச் சிப்பித் தூளும். மூடித் தகட்டில பள்ளம் இருக்கு, திருப்பிப் போட்டிட்டன். புது இம்பெல்லரோட சைலன்சர் தண்ணி நல்லா வீசுது.

வழியிற குழாயைப் போத்தலில விட்டன், காலி. பச்சைத் தண்ணியில மூடியத் திறந்து ஸ்ராட் பண்ணினன், குமிழி இல்ல. அமுக்கம் 7க்கு அடிச்சா 10 நிமிசத்தில 3க்கு இறங்குது. கடல்தண்ணி வெளியேறுற வாயால சொட்டுது. உப்புக்காத்து சொன்ன அந்த றப்பர் மூடி வகைதான். கிளிப் இறுக்கினா கொஞ்சம் குறைஞ்சது, நிக்கல்ல.

2000ல இப்ப 88 வரைக்கும்தான் போகுது. தேர்மோஸ்டாட்டைக் கழட்டின பாஸ் சொல்றார் ஒழுக்கை அடைக்கிற தூள் ஒரு பாக்கெட் போட்டா சரி எண்டு. போடலாமா?


டீசல்காரன்:

போடாதேங்கோ. ஓட்டையில போய் நிற்கிற தூள்தான் பிளொக்கின்ர ஒடுக்கமான வழியளிலயும் தேர்மோஸ்டாட்டிலயும் போய் நிற்கும். நடுக்கடலில கரை சேரவெண்டால் வேற கதை, முகத்துவாரத்தில கட்டி வைச்சுக்கொண்டு ஏன்?

ஹெட் கஸ்கட் இல்லையெண்டது இப்ப தெளிவு. 88 எண்டதுக்கு மிச்சக் காரணம் குழாய்க்கட்டுக்குள்ள படிஞ்ச உப்பும் சுண்ணாம்பும். எங்கட கடல்தண்ணியே 28, 30 பாகையில வருது. குளிர்நாட்டுக் கடலில 10 பாகைத் தண்ணியோட அரைவாசி அடைச்ச எக்ஸ்சேஞ்சரும் சமாளிக்கும், இங்க அந்த இடைவெளி கிடையாது.

இன்னொண்டையும் பாருங்கோ. முழுத் துரொட்டில் குடுத்தால் எஞ்சின் அதின்ர தகட்டில போட்டிருக்கிற உச்ச ஆர்.பி.எம்முக்கு ஏறுதோ? ஏறாமல் கறுப்புப் புகை தள்ளினால் ப்ரொபெல்லரில கொட்டலசு, அல்லது எக்ஸோஸ்ட் எல்போவுக்குள்ள கரியும் துருவும் அடைச்சிருக்கு. எல்போவைக் கழட்டேக்க விரலை விட்டுத் தண்ணி கலக்கிற துளை அளவாத் திறந்திருக்கோ எண்டு பாருங்கோ.


உப்புக்காத்து:

குழாய்க்கட்டை வெளியில எடுக்கிற முறை: உள்சுற்றுத் தண்ணி முழுக்கவும் ஒரு வாளியில வடிச்சு அளந்து வையுங்கோ, திரும்ப நிரப்பேக்க காத்து நிற்குதோ எண்டு தெரிய அந்த அளவு உதவும். ரெண்டு றப்பர் மூடியையும் கழட்டுங்கோ. கட்டு எந்தத் திசையில, எவ்வளவு வெளியில நீட்டிக்கொண்டு இருக்கு எண்டு பெயின்ற் பேனாவால அடையாளம் போட்டுவிட்டு மரக்கட்டையை வைச்சு மெதுவாத் தட்டுங்கோ. சுத்தியலால நேரா அடிச்சால் விளிம்பு நசியும், பிறகு றப்பர் பிடிக்காது.

குழாய்களுக்குள்ள மூங்கில் ஈர்க்கு, இல்லாட்டில் மெல்லிய பித்தளைக் கம்பி விடுங்கோ. இரும்புக் கம்பி விட்டால் மிச்சக் குழாயும் ஓட்டை. அதுக்குப் பிறகு அசிட். பிளாஸ்ரிக் வாளியில 10 பங்கு தண்ணி விட்டு, அதுக்குள்ள 1 பங்கு ஹைட்ரோகுளோரிக் அசிட். தண்ணிக்குள்ளதான் அசிட், மாறி ஊத்தினால் முகத்தில தெறிக்கும். கையுறை, கண்ணாடி, திறந்த வெளி. நுரைக்கிறது நிற்கும் வரைக்கும், அரை மணித்தியாலத்துக்கு மேல போகாமல் வைச்சு எடுத்து, அப்பச்சோடாக் கரைசலில முக்கி, நல்ல தண்ணியில கழுவுங்கோ. குழாய்க்கட்டு மட்டும்தான் அதுக்குள்ள போகலாம். வெளி உடம்பு அலுமினியம், அசிட் பட்டால் அரிச்சுப்போடும். அவசரமில்லையெண்டால் சிற்றிக் அசிட்டில ஒரு இரவு ஊறவிடலாம், அது ஆபத்துக் குறைவு.

கழுவின பிறகுதான் ஓட்டை தேடவேணும், ஏனெண்டால் சில ஓட்டையை உப்புதான் அடைச்சுக்கொண்டிருந்திருக்கும். ஒரு தொங்கலை நிமிர்த்திப் பிடிச்சு, ஒவ்வொரு குழாயின்ர அடிவாயையும் றப்பர் துண்டால அடைச்சுத் தண்ணி நிரப்புங்கோ. எதில மட்டம் இறங்குதோ அதுதான். ஒண்டு ரெண்டு எண்டால் ரெண்டு வாயிலயும் பித்தளை ஆப்பு அடிச்சு ஈயம் பத்தலாம். பத்தில ஒரு பங்குக்கு மேல அடைக்க வேண்டி வந்தால் புதுக் கட்டுத்தான், சூடு போற பரப்புப் போதாது. அதோட ஒரு குழாய் போனால் பக்கத்துக் குழாயும் அதே வயசுதான். போட் வெளிக்கடலுக்குப் போறதெண்டால் நான் ஆப்பை நம்பமாட்டன்.

றப்பர் மூடி ரெண்டும் புதுசு, கிளிப் 316 ஸ்ரெயின்லஸ். அலுமினிய விளிம்பில வெள்ளையாப் பொரிஞ்சு கிடந்தால் மெல்லிய எமரிப் பேப்பரால தேய்ச்சு மினுக்கிவிட்டு றப்பரை ஏத்துங்கோ. அந்தப் பொருக்குக்கு மேலயே இறுக்கிறதாலதான் கனபேருக்குப் புது மூடியும் கசியுது.

எக்ஸ்சேஞ்சரில நாகக் கட்டி (மற்ற உலோகத்துக்குப் பதிலாத் தான் அரிபடுறது) போடுற அடைப்பு இருந்தால் கழட்டிப் பாருங்கோ. அரைவாசி கரைஞ்சிருந்தால் மாத்துங்கோ, மரையில டெஃப்லொன் டேப் சுத்த வேண்டாம், உலோகத்துக்கு உலோகம் தொடாட்டில் அது இருந்தும் இல்லாத மாதிரி. கரையவே இல்லையெண்டால் சந்தோசப்படாதேங்கோ. ஆத்துவாயில மாசக்கணக்கா நன்னீர்க் கலப்பில நிற்கேக்க நாகத்தில ஒரு தோல் மூடி வேலை செய்யாமல் விடும்.


மட்டக்குளி பாஸ்:

ஒண்ணு விட்டுட்டீங்க. இவ்வளவு நாளும் கடல்தண்ணி உள்சுற்றுக்குள்ளயும் வந்திருக்கும். ஓடும்போது உள்ள அமுக்கம் கூட, கூலன்ட் வெளிய போகும். நிப்பாட்டி ஆறும்போது உள்ள வெற்றிடம் இழுக்கும், அந்த ஓட்டையாலயே உப்புத்தண்ணி உள்ள வரும். அதனால புதுக் கூலன்ட் ஊத்துறதுக்கு முன்ன பிளொக்கில உள்ள வடிகால் அடைப்பைக் கழட்டி, கம்பியால குத்தி, நல்ல தண்ணி விட்டு ஓட்டி வடிக்கிறதை மூணு தடவையாவது செய்யுங்க. கடைசித் தடவை வடிச்ச தண்ணியில ஒரு சொட்டை கண்ணாடித் துண்டுல காயவச்சு, பக்கத்துலயே குழாய்த்தண்ணிச் சொட்டையும் காயவச்சுப் பாருங்க. உங்க சொட்டுல வெள்ளைப் படிவு கூட இருந்தா இன்னும் உப்பு இருக்கு.

அப்புறம் குழாய்த்தண்ணிய மட்டும் ஊத்தி ஓட்டாதீங்க. இங்க பனி உறையுற பிரச்சினை இல்லதான், ஆனா துருவைத் தடுக்கிற மருந்து கூலன்ட்லதான் இருக்கு. எதிலீன் கிளைக்கோல் கூலன்ட் பாதி, பற்றரிக்கு ஊத்துற காய்ச்சி வடிச்ச தண்ணி பாதி. பச்சையும் சிவப்பும் கலக்க வேணாம், சிலது சேர்ந்தா களியா உறையும். மிச்சத்தை நாய் பூனை நக்காத இடத்துல வைங்க, அது நஞ்சு.

நிரப்பும்போது மெதுவா ஊத்துங்க. தேர்மோஸ்டாட் உறைக்கு மேல காத்து விடுற சின்ன ஸ்குரூ இருந்தா தளர்த்தி வச்சு, குமிழி இல்லாமத் தண்ணி வந்ததும் இறுக்குங்க. மூடியத் திறந்தபடி 1000ல ஓட்டுங்க. தேர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டுன்னு இறங்கும், அப்ப நிரப்பி மூடுங்க. நீங்க அளந்து வச்சதை விட அரை லீற்றர் குறைவாத்தான் போச்சுன்னா எங்கயோ காத்து நிக்குது, ஆறவிட்டுத் திரும்பப் பாருங்க. பெல்ட் நடுவில பெருவிரலால அமத்தினா 10 மில்லிமீற்றர் அளவு இறங்கணும். உள்சுற்றுப் பம்புக்கு அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதால சொட்டினா சீல் போச்சு. அந்த ஓட்டைய ஆணி அடிச்சு அடைக்கிறவங்க இருக்காங்க. அடைச்சா தண்ணி பெயாரிங்குக்குப் போகும்.


முகத்துவாரம் சுறா:

குழாய்க்கட்டை எடுத்தாச்சு. சிற்றிக் அசிட்டில ஊறவச்சுக் கழுவின பிறகு மூண்டு குழாய் இறங்குது, மூண்டும் ஒரே மூலையில, இம்பெல்லர் துண்டு நிண்ட பக்கம். புதுக் கட்டுக்குச் சொல்லிட்டன். மீற்றர் காட்டுறது சரியா எண்டு எப்பிடிப் பாக்குறது?


டீசல்காரன்:

துண்டு நிண்ட இடத்தில தண்ணி ஒடுங்கி வேகமா அடிச்சு அரிச்சிருக்கு. அந்த மூலையே போனதுக்குக் காரணம் அதுதான்.

மீற்றருக்கு லேசர் தேர்மோமீற்றர் போதும். தேர்மோஸ்டாட் உறையில, சென்சருக்குப் பக்கத்தில, ஒரு துண்டு கறுப்பு இன்சுலேசன் டேப்பை ஒட்டி அதில பிடியுங்கோ. மினுங்கிற உலோகத்தில நேராப் பிடிச்சால் உண்மையை விடக் குறைவாத்தான் காட்டும். மீற்றருக்கும் அதுக்கும் 5 பாகைக்கு மேல வித்தியாசம் எண்டால் சென்சரைச் சந்தேகப்பட முதல் அதின்ர ஏர்த் வயரைக் கழட்டித் துருவைத் தேய்ச்சுப் பூட்டுங்கோ. புதுக் கட்டுப் போட்ட பிறகு எக்ஸ்சேஞ்சருக்குள்ள போற கூலன்ட் ஹோஸ், வெளியில வாற ஹோஸ், கடல்தண்ணி போற வாய், வாற வாய், இந்த நாலு இடத்தின்ர சூட்டையும் 2000ல அரை மணித்தியாலம் ஓடினபிறகு அளந்து எஞ்சின் பெட்டி மூடிக்கு உள்பக்கம் எழுதி வையுங்கோ. அடுத்த முறை சூடேறினால் எந்த எண் மாறியிருக்கு எண்டு பார்த்தால் போதும். கடல்தண்ணி முந்தியை விடக் கூடச் சூடாகி வெளியில வந்தால் ஓட்டம் குறைவு, பம்பையும் ஸ்ட்ரெயினரையும் பாருங்கோ. கடல்தண்ணி முந்தியை விடக் குளிர்மையா வந்து, கூலன்ட் மட்டும் சூடாகத் திரும்பினால் குழாய்க்குள்ள திரும்பவும் படிவு.